ஐஸ்கிரீமுக்குள் ஒரு கொத்தவரை

ஐஸ்கிரீம் டப்பா காலியானதும் அதைத் தூக்கி எறிவதற்கு முன்னால், பக்கவாட்டில் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதை என்றாவது படித்துப் பார்த்திருக்கிறீர்களா? பால் கொழுப்பு, சர்க்கரை, பால் பொடி என்று தொடங்கும் அந்தப் பட்டியலின் கடைசியில் ‘நிலைநிறுத்திகள்’ என்றொரு சொல்லும், அதை அடுத்து 407, 412, 466 என்பது போன்ற சில எண்களும் இருக்கும். பெயர் இல்லாமல் எண் மட்டும் இருந்தால் யாருக்கும் ஐயம் வரத்தான் செய்யும். “எல்லாம் கெமிக்கல், தொடாதே!” என்று வீட்டில் பெரியவர்கள் எச்சரித்தும் இருப்பார்கள்.

இந்த மூன்று எண்களில் நடுவில் இருக்கும் 412 யார் என்று இப்போது பார்ப்போம். அவர் உங்களுக்குப் பழக்கமானவர்தாம். உங்கள் வீட்டில் பருப்பு உசிலியாகவும் பொரியலாகவும் வற்றலாகவும் வந்து போகிறவர். ஆம், கொத்தவரை! அதன் முற்றிய விதையிலிருந்து எடுக்கப்படும் மாவுக்கு ‘குவார் கம்’ என்று வாணிபப் பெயர். குவார் என்பது கொத்தவரைக்கு வடநாட்டில் வழங்கும் பெயர். உணவுப் பொருள்களில் சேர்க்கப்படும் துணைப் பொருள்களுக்கு உலகெங்கும் பொதுவாக ஓர் எண் வரிசை உண்டு. மொழி தெரியாத ஊரிலும் அந்த எண்ணைக் கொண்டு பொருளை அடையாளம் காணலாம். அந்த வரிசையில் கொத்தவரைப் பிசினுக்குக் கிடைத்த எண் 412. எண் இருக்கிறது என்பதற்காக ஒரு பொருள் கெட்டதாகிவிடாது, நல்லதாகவும் ஆகிவிடாது. அது என்ன செய்கிறது என்று பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

நாம் சமையலுக்கு வாங்குவது பிஞ்சுக் காய். அதில் பிசின் அதிகம் இராது. பிசினுக்காகப் பயிரிடுகிறவர்கள் காயைச் செடியிலேயே முற்றிக் காயவிடுகிறார்கள். உலகில் விளையும் கொத்தவரையில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு இந்தியாவில் விளைகிறது. அதில் பெரும்பகுதி இராஜஸ்தானத்து மணற்பூமியில். ஜூலையில் பருவமழை தொட்டதும் விதைத்துவிட்டு, மேற்கொண்டு ஓரிரு மழை கிடைத்தால் போதும் என்று காத்திருப்பார்கள். மூன்று, நான்கு மாதங்களில் அறுவடை. வேர் முடிச்சுகளில் நைட்ரஜனைச் சேர்த்து வைப்பதால் நிலத்துக்கும் நல்லது. நீர் அருகிய நாட்டுக்கென்றே பிறந்த பயிர் எனலாம்.

அதன் விதையில்தான் ஒரு விந்தை இருக்கிறது. மொச்சை விதை ஒன்றை ஊறவைத்துத் தோலை உரித்துப் பாருங்கள். இரண்டு பருப்புகளும், அவற்றுக்கிடையே ஒரு சிறு முளையுமாக இருக்கும். வேறொன்றும் இராது. அவரைக் குடும்பத்து விதைகளில் பெரும்பாலானவை இப்படித்தான். சேமித்த உணவு முழுவதும் பருப்புக்குள்ளேயே போய்விடுகிறது. ஆனால் கொத்தவரை விதையில் தோலுக்கும் பருப்புக்கும் இடையே கண்ணாடி போன்ற ஓர் அடுக்கு தங்கியிருக்கிறது. முளைசூழ்தசை என்று உங்கள் தாவரவியல் ஆசிரியர் அதைச் சொல்வார். விதையின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்த அடுக்குத்தான். ஈரம் பட்டதும் அது நீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு முளையைக் காயாமல் காக்கிறது. பிறகு தானே சிறிது சிறிதாகச் சர்க்கரையாக உடைந்து அதற்கு உணவாகவும் ஆகிறது. மணற்காட்டில் மழை இன்று பெய்தால் நாளை பெய்யும் என்பதற்கு உறுதி ஏது? எனவே செடி தன் பிள்ளைக்குக் கட்டுச்சோற்றோடு தண்ணீரையும் கொடுத்தனுப்புகிறது.

இதே ஏற்பாடு உங்கள் அடுக்களையிலுள்ள இன்னொரு விதையிலும் உண்டு. வெந்தயத்தை இரவில் ஊறவைத்தால் காலையில் வழவழவென்று ஆகிறதே, அதற்குக் காரணமும் இப்படிப்பட்ட முளைசூழ்தசைதான்.

ஆலையில் கொத்தவரை விதையை இரண்டாக உடைத்து, வறுத்துத் தேய்த்து, தோலையும் பருப்பையும் நீக்கிவிடுகிறார்கள். அந்தக் கண்ணாடி அடுக்கு மற்றவற்றைவிடக் கடினமானது. எனவே அரைக்கும்போது மற்றவை முதலில் நொறுங்கிப் பிரிந்துவிடும். மிஞ்சும் சிம்புகளை நீர் தெளித்து அரைத்து உலர்த்தினால் வெண்மையான மாவு. நூறு கிலோ விதைக்கு முப்பது கிலோ மாவு தேறும். கழிந்த தோலும் பருப்பும் புரதம் மிகுந்தவை. அவை மாட்டுத் தீவனத்துக்குப் போகின்றன.

கொடிக்கயிறும் கிளிப்புகளும்

இந்த மாவு வேதியியல் முறையில் என்ன? சர்க்கரைதான். ஆனால் இனிக்காத, நீண்ட சங்கிலியாகக் கோத்த சர்க்கரை. மானோஸ் என்னும் சர்க்கரை மூலக்கூறுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டு முதுகெலும்பாக நிற்கின்றன. ஏறத்தாழ இரண்டு மானோசுக்கு ஒன்று வீதம் காலக்டோஸ் என்னும் மற்றொரு சர்க்கரை பக்கத்தில் தொங்குகிறது. இரண்டு பெயரையும் சேர்த்துக் காலக்டோமன்னான் என்பர்.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். சங்கிலியில் ஒவ்வொரு சர்க்கரை அலகின் எடை 162. இரண்டு மானோசும் ஒரு காலக்டோசும் சேர்ந்தால் 486. இந்தப் பிசினின் மூலக்கூறு எடை பத்து லட்சம் அளவில் இருக்கும். பத்து லட்சத்தை 486-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 2,050. ஆகவே முதுகெலும்பில் 4,100 மானோஸ் அலகுகள். ஒன்றின் நீளம் அரை நானோமீட்டர் என்று கொண்டால் சங்கிலியை நீட்டிப் பிடித்தால் 2,000 நானோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்கு. தடிமனோ ஒரு நானோமீட்டர் அளவுதான். இப்படி எண்ணிப் பாருங்கள்: துணி உலர்த்தும் கொடிக்கயிறு ஐந்து மில்லிமீட்டர் தடிமனாக இருந்தால், இதே விகிதத்தில் அதன் நீளம் பத்து மீட்டர். மாடியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை! அந்தக் கயிற்றில் நெடுக மாட்டிய கிளிப்புகள்தாம் காலக்டோஸ்.

கிளிப்புகளுக்கு ஒரு முக்கியமான வேலை இருக்கிறது. மானோஸ் சங்கிலி மட்டும் வெறுமனே இருந்தால் பக்கத்துச் சங்கிலியோடு ஒட்டி அடுக்கி இறுகிவிடும். தண்ணீர் உள்ளே புக இடமிராது. பேரீச்சங்கொட்டை அவ்வளவு கெட்டியாக இருப்பது இதனால்தான். அது பெரும்பாலும் கிளிப்பு இல்லாத மானோஸ் சங்கிலி. கிளிப்புகள் இடையில் நின்றால் சங்கிலிகள் நெருங்க முடியாது, நீர் நுழைந்துவிடும். நுங்கின் வழவழப்பான சதையிலும் இந்தக் குடும்பத்துச் சங்கிலிகளே இருக்கின்றன. பேரீச்சங்கொட்டையும் நுங்கும் வேதியியலில் உறவினர் என்று சொன்னால் எளிதில் நம்ப முடிகிறதா?

தண்ணீரில் விரிந்த இந்த நீண்ட கயிறுகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கின்றன. அதனால் நீர் கெட்டிப்படுகிறது. இருபது டிகிரி சென்டிகிரேடில் தண்ணீரின் பாகுநிலை 1 சென்டிபாய்ஸ். நூறு மில்லிலிட்டர் நீரில் ஒரே ஒரு கிராம் கொத்தவரை மாவைக் கரைத்தால் அது மூவாயிரம், நாலாயிரம், சில நேரங்களில் அதற்கு மேலும் ஏறிவிடும். மாவை இரட்டித்தால் பாகுநிலை இரட்டிப்பதோடு நிற்பதில்லை. ஏறத்தாழப் பத்து மடங்காகிறது. கயிறுகள் பெருகப் பெருகச் சிக்கல்கள் அதைவிட வேகமாகப் பெருகுகின்றன அல்லவா?

ஆய்வகத்தில் நடந்த கதை

கல்லூரியில் நான் பாடம் நடத்தும் பட்ட வகுப்பு மாணவர்கள் ஸ்டோக்ஸ் முறையில் ஆமணக்கெண்ணெயின் பாகுநிலையை அளப்பது வழக்கம். நீண்ட கண்ணாடிக் குழாயில் எண்ணெயை நிரப்பி, எஃகுக் குண்டுகளைப் போட்டு, அவை இரண்டு கோடுகளுக்கு இடையே விழும் நேரத்தைக் குறிப்பார்கள். ஆண்டு தோறும் அதே எண்ணெய், அதே குண்டு. விடையை மூத்த மாணவர்களின் பதிவேட்டிலிருந்தே எழுதிவிடலாம்! ஓர் ஆண்டு இதை மாற்றிப் பார்ப்போம் என்று கால் கிலோ குவார் கம் வாங்கி வந்தேன்.

தொடக்கமே தோல்வி. இரண்டு லிட்டர் நீரில் மாவை ஒரேயடியாகக் கொட்டிக் கலக்கினேன். சுண்டைக்காய் அளவில் கட்டி கட்டியாக மிதந்தது. ஒரு கட்டியைப் பிளந்து பார்த்தால் மேலே வழவழப்பான தோல். உள்ளே காய்ந்த மாவு அப்படியே இருந்தது. வெளிப்புறத்து மாவு நீரைக் குடித்து ஊதி, உள்ளே நீர் புகாதபடி தானே சுவராகிவிட்டது. ஒரு மணி நேரம் கலக்கியும் பயனில்லை. எங்கள் ஆய்வகப் பணியாளர் சிரித்துக்கொண்டே, “சார், கூழ் காய்ச்சும்போது மாவைக் கொட்டுவாங்களா? கொஞ்சம் சர்க்கரையோட கலந்து தூவுங்க” என்றார். அவர் சொன்னதுபோல் மாவையும் சர்க்கரையையும் உலர்வாகக் கலந்து, நீரைச் சுழலவிட்டு அதில் தூவியதும் கட்டியில்லாமல் கரைந்தது. சர்க்கரைத் துகள் இடையில் இருந்து மாவுத் துகள்களைப் பிரித்து வைக்கிறது. அவை ஒட்டிக்கொள்ளுமுன் ஒவ்வொன்றுக்கும் நீர் கிடைத்துவிடுகிறது. இந்தக் கட்டியை நினைவில் வைத்திருங்கள். பின்னால் வேறோர் இடத்தில், சிரிக்க முடியாத இடத்தில், மீண்டும் வரப்போகிறது.

குண்டுகளைப் போட்டோம். ஸ்டோக்ஸ் விதிப்படி குண்டின் ஆரம் இரண்டு மடங்கானால் விழும் வேகம் நான்கு மடங்காக வேண்டும். ஆமணக்கெண்ணெயில் ஏறத்தாழ அப்படித்தான் வரும். ஆனால் கொத்தவரைக் கரைசலில் பெரிய குண்டு நான்கு மடங்குக்கும் மிக அதிகமான வேகத்தில் விழுந்தது. கணக்குப் போட்டால் சிறிய குண்டுக்கு ஒரு பாகுநிலை, பெரிய குண்டுக்கு அதைவிடக் குறைந்த பாகுநிலை! “சார், தப்பா அளந்துட்டோம்” என்று ஒரு மாணவி நேரத்தை அடிக்கத் தொடங்கினாள். அடிக்க வேண்டாம் என்றேன். தவறு அளவையில் இல்லை. ஒரு பாய்மத்துக்கு ஒரே பாகுநிலைதான் உண்டு என்று நாம் எண்ணியதில் இருக்கிறது.

தண்ணீர், எண்ணெய், கிளிசரின் ஆகியவற்றை மெதுவாகக் கலக்கினாலும் வேகமாகக் கலக்கினாலும் பாகுநிலை மாறாது. இவற்றை நியூட்டன் பாய்மங்கள் என்பர். கொத்தவரைக் கரைசல் அப்படியல்ல. சிக்குப் பிடித்த தலைமுடியைச் சீப்பால் வாரினால் முடிகள் ஒரே பக்கமாகப் படிகின்றன அல்லவா? அதுபோல் வேகமாகக் கலக்கும்போது சங்கிலிகள் ஓடும் திசையில் நீண்டு படிகின்றன, சிக்கல் அவிழ்கிறது, கரைசல் இளகுகிறது. கலக்குவதை நிறுத்தினால் மீண்டும் சிக்கிக்கொண்டு கெட்டிப்படும். பெரிய குண்டு வேகமாக விழுவதால் தன்னைச் சுற்றியுள்ள கரைசலை மிகுதியாக வாரிவிடுகிறது. தன் வழியைத் தானே இளக்கிக்கொள்கிறது.

உணவுத் தொழிலில் இந்தக் குணத்துக்குத்தான் மதிப்பு. குழாயில் வேகமாகத் தள்ளும்போது இளகி ஓடும். கிண்ணத்தில் நின்றதும் கெட்டியாகும். வாயில் நாக்கு அசையும்போது மறுபடி இளகும். அதனால் கொழகொழப்பாகத் தெரியாது.

மின்சாரம் போனால் என்ன ஆகும்?

இனி ஐஸ்கிரீமுக்கு வருவோம். நல்ல ஐஸ்கிரீமில் இருக்கும் பனிப் படிகங்கள் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்குக்கும் சிறியவை. அந்த அளவில் இருக்கும்வரை நாக்குக்கு அவை தனித்தனியாகத் தெரியாது. கடையில் இரண்டு மணி நேரம் மின்தடை ஏற்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். பெட்டி சற்றுச் சூடாகிறது. முதலில் கரைபவை மிகச் சிறிய படிகங்கள். படிகம் சிறுக்கச் சிறுக்க அதன் பருமனை ஒப்பிடப் பரப்பு அதிகம். அதனால் அது உருகும் வெப்பநிலையும் சற்றுக் குறைவு. மின்சாரம் திரும்பி வந்ததும் அந்த நீர் மீண்டும் உறைகிறது. ஆனால் புதிய சிறு படிகமாக உறைவதில்லை. பக்கத்திலுள்ள பெரிய படிகத்தின்மீது போய்ப் படிகிறது. சிறியவை அழியப் பெரியவை பெருக்கின்றன. நாலைந்து முறை இப்படி நடந்தால் ஐஸ்கிரீம் மணல் மணலாக நறநறக்கும். நீங்களே கடித்திருப்பீர்கள்.

இதைத் தாமதப்படுத்தத்தான் கொத்தவரைப் பிசின். சேர்ப்பது மிகக் குறைவு. நூறு கிராமுக்குக் கால் கிராம்கூட இராது. இவ்வளவு சிறிய அளவு என்ன செய்துவிடும் என்று கேட்கலாம். இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. மைனஸ் 18 டிகிரியில் ஐஸ்கிரீமிலுள்ள நீரில் நான்கில் மூன்று பங்கு பனிக்கட்டியாகிவிடும். பனிக்கட்டிக்குள் பிசின் போகாது. எனவே அது முழுவதும் எஞ்சிய கால் பங்கு நீரில் திரண்டுவிடுகிறது. செறிவு நான்கு மடங்கு! செறிவு இரட்டித்தால் பாகுநிலை பத்து மடங்கு என்று பார்த்தோம். நான்கு மடங்கானால்? இவ்வளவு கெட்டியான பாகில் நீர் ஒரு படிகத்திலிருந்து மற்றொன்றுக்கு எளிதில் போய்ச் சேர முடிவதில்லை. முற்றிலும் தடுத்துவிடுவதில்லை, தாமதப்படுத்துகிறது. வெயில் ஊரில் விற்கும் ஐஸ்கிரீமுக்கு அந்தத் தாமதமே பெரிது.

ஐரோப்பியர் இதே வேலைக்கு முதலில் பயன்படுத்தியது மத்தியதரைக் கடலோரத்தில் வளரும் கரோப் மரத்தின் விதைப் பிசினை. வைரம் நிறுக்கும் ‘காரட்’ என்ற சொல் இந்தக் கரோப் விதையின் பெயரிலிருந்துதான் வந்தது. இரண்டாம் உலகப் போரில் அந்தப் பிசின் வரத்து நின்றுபோகவே, அமெரிக்கக் காகித ஆலைகளுக்கு மாற்று தேவைப்பட்டது. 1903-இலேயே இந்தியாவிலிருந்து அமெரிக்காவுக்குப் போயிருந்த கொத்தவரையை அப்போதுதான் அவர்கள் கூர்ந்து கவனித்தார்கள். காகிதத்தில் நுழைந்த பிசின் பிறகு உணவிலும் நுழைந்தது.

வயிற்றுக்குள் போனபின்

நாம் உண்ணும் அரிசி மாவும் சர்க்கரைச் சங்கிலிதான். ஆனால் அதன் கண்ணிகளை வெட்ட நம் உமிழ்நீரிலும் கணையத்திலும் நொதிகள் உண்டு. மானோஸ் சங்கிலியை வெட்டும் நொதி நம்மிடம் இல்லை. ஆகவே கொத்தவரைப் பிசின் வெட்டுப்படாமல் சிறுகுடலைக் கடந்து போகிறது. செரிக்காமல் போகும் இத்தகைய தாவரப் பொருளையே நார்ச்சத்து என்கிறோம். நார் என்றதும் வாழைநார், தேங்காய் நார் போல் எண்ணாதீர்கள். இது நீரில் கரையும் நார். கண்ணுக்கு நாராகத் தெரியாது.

செரிக்காத பொருளால் உடலுக்கு என்ன பயன்? 1970-களில் இங்கிலாந்தில் டேவிட் ஜென்கின்ஸ் என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய குழுவினரும் இதை ஆராய்ந்தார்கள். சர்க்கரைக் கரைசலுடன் வெவ்வேறு நார்களைக் கலந்து அருந்தச் செய்து, இரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு ஏறுகிறது என்று அளந்தார்கள். 1978-இல் வெளிவந்த அவர்களுடைய கட்டுரை என் போன்ற இயற்பியல்காரனுக்குத் தனி மகிழ்ச்சி தருவது. எந்த நார் அதிகப் பாகுநிலை கொண்டதோ அதுவே சர்க்கரை ஏற்றத்தை அதிகமாகத் தணித்தது; முதலிடம் கொத்தவரைப் பிசினுக்கு. அதே பிசினின் சங்கிலிகளை முன்கூட்டியே துண்டு துண்டாக வெட்டி, கெட்டிப்படாதபடி செய்து கொடுத்தபோது அந்த விளைவு மறைந்துபோயிற்று. பொருள் அதுவே, சர்க்கரைகளும் அவையே. போனது கெட்டித்தன்மை ஒன்றுதான். கெட்டியான பாகில் வயிறு மெதுவாகவே காலியாகிறது. சர்க்கரையும் குடற்சுவரை அடைய நேரம் எடுத்துக்கொள்கிறது.

இதைக் கேட்டுவிட்டு, ‘ஐஸ்கிரீமில் நார்ச்சத்து இருக்கிறது’ என்று அம்மாவிடம் வாதாடப் போகாதீர்கள்! அந்தச் சோதனைகளில் கொடுத்தது ஒரு வேளைக்குப் பத்து, பதினைந்து கிராம் அளவு. ஒரு கப் ஐஸ்கிரீமில் இருப்பது ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு. அதில் நன்மையும் இல்லை, கெடுதலும் இல்லை. ஆனால் அந்தக் கப்பில் இருக்கும் சர்க்கரை பத்து கிராமுக்கு மேல். கவலைப்பட வேண்டுமானால் கடைசியில் உள்ள 412-ஐ விட்டுவிட்டு, பட்டியலின் தலைப்பில் உள்ளதைப் பற்றிக் கவலைப்படுங்கள்.

எங்கள் ஆய்வகக் கதைக்கு ஒரு பின்குறிப்பு உண்டு. மிஞ்சிய கரைசலை வெள்ளிக்கிழமை மாலை மூடாமல் விட்டுச் சென்றோம். திங்களன்று வந்து பார்த்தால் அது தண்ணீராய் இளகியிருந்தது, நாற்றம் வேறு. நம்மால் வெட்ட முடியாத சங்கிலியை இரண்டு நாளில் பாக்டீரியாக்கள் வெட்டித் தின்றுவிட்டன. நம் பெருங்குடலிலும் இதே வேலை நடக்கிறது. அங்குள்ள கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் பிசினை நொதிக்கச் செய்து, அசெடிக், பியூட்டிரிக் போன்ற சிறிய அமிலங்களை உண்டாக்குகின்றன. பெருங்குடலின் சுவர் அவற்றை உறிஞ்சும்போது உப்பும் நீரும் கூடவே உறிஞ்சப்படுகின்றன. டாக்காவிலுள்ள சர்வதேச வயிற்றுப்போக்கு நோய் ஆராய்ச்சி மையத்தார் இதைப் பயன்படுத்திப் பார்த்தனர். வயிற்றுப்போக்கால் நீர் வற்றிய குழந்தைகளுக்குக் கொடுக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசலில், நொதியால் வெட்டிச் சிறிதாக்கப்பட்ட கொத்தவரைப் பிசினைச் சேர்த்துக் கொடுத்தனர். அப்படிக் கொடுத்த குழந்தைகளுக்குப் போக்கு முன்னதாகவே நின்றது என்று 2000-இல் அறிவித்தனர். ஜென்கின்ஸ் சோதனையில் பயனற்றுப்போன அதே வெட்டிய பிசின்தான்! அங்கே வேலை செய்தது பாகுநிலை; இங்கே வேலை செய்வது பாக்டீரியா.

தொண்டையில் ஒரு கட்டி

நினைவில் வைக்கச் சொன்ன கட்டிக்கு இப்போது வருகிறேன். 1980-களின் இறுதியில் அமெரிக்காவில், உடல் மெலிவதற்கென்று கொத்தவரைப் பிசின் மாத்திரைகளை விற்றார்கள். வயிற்றில் ஊதிப் பசியை அடக்கும் என்பது விளம்பரம். உலர்ந்த பிசினை இறுக்கிச் செய்த மாத்திரை, வயிற்றை அடையும்வரை காத்திருக்குமா? போதிய நீர் குடிக்காமல் விழுங்கியவர்களுக்கு அது உணவுக்குழலிலேயே ஈரம் பட்டு, மேலே வழவழப்பும் உள்ளே உலர்வுமாக, பத்து மடங்குக்கும் மேல் ஊதி அடைத்துக்கொண்டது. என் முகவையில் மிதந்த அதே கட்டி. தொண்டைக்குக் கீழே இருந்தால் சர்க்கரை தூவிக் கரைக்க முடியாது. அந்நாட்டு உணவு, மருந்துத் துறைக்கு வந்து சேர்ந்த 26 பேரின் விவரங்களை ஆராய்ந்த மருத்துவக் கட்டுரை ஒன்று 1992-இல் வெளிவந்தது. பலருக்கு உணவுக்குழல் அடைப்பு, சிலருக்குச் சிறுகுடல் அடைப்பு, ஒருவர் இறந்துபோனார். அதற்கு முன்பே, 1991-இல், கடைகளில் விற்கும் மெலிவு மருந்துகளில் இந்தப் பிசினைச் சேர்ப்பது அங்கே தடை செய்யப்பட்டது. விழுங்கியபின் உள்ளே நீர் குடித்து ஊதும்படி செய்யப்படும் உலர் உணவுகளில் இதைச் சேர்க்கக் கூடாது என்று ஐரோப்பிய நாடுகளின் விதி சொல்கிறது. ஒரே வாயில் உறிஞ்சி விழுங்கும் சிறு கப் ஜெல்லி மிட்டாய்களிலும் இதுவும் இதைப் போன்ற பிற பிசின்களும் அங்கே 2004 முதல் கூடாது. குழந்தைகளின் மூச்சுக்குழலை அவை அடைத்தன.

உணவில் சேரும் பொருள்களை ஆராயும் உலக நிபுணர் குழு 1975-இல் இந்தப் பிசினுக்கு நாள் ஒன்றுக்கு இவ்வளவுதான் என்ற வரம்பு தேவையில்லை என்று கூறியது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2017-இல் மறுபடி ஆராய்ந்தும் அதே முடிவுக்கு வந்தது. பச்சிளங் குழந்தைகளைப் பற்றி மட்டும் மேலும் விவரங்கள் வேண்டும் என்றது. வரம்பு தேவையில்லாத பொருள் எப்படி உயிரைப் பறித்தது? நஞ்சால் அன்று. ஊறியதை உண்டால் உணவு. ஊறாததை விழுங்கினால் அடைப்பு. உங்கள் வீட்டில் யாராவது இசப்கோல் போன்ற நார்ப்பொடி சாப்பிட்டால், ஒரு தம்ளர் நீரில் நன்றாகக் கலந்து உடனே குடிக்கவும், மேலும் ஒரு தம்ளர் நீர் அருந்தவும் சொல்லுங்கள். படுக்கப் போகும் நேரத்தில் வெறும் வாயில் போட்டுக்கொள்வது ஆபத்து.

இன்னோர் ஆபத்து வெளியிலிருந்து வந்தது. 2007-இல் இந்தியாவிலிருந்து போன சில சரக்குகளில் பென்டாகுளோரோபீனால் என்னும் பூஞ்சைக் கொல்லியும் டையாக்சின்களும் கலந்திருந்ததைக் கண்டுபிடித்தார்கள். அது முதல் ஐரோப்பாவுக்குப் போகும் சரக்கு சோதனைச் சான்றுடன்தான் போக வேண்டும் என்றாயிற்று. கொத்தவரை இயற்கையானது, உண்மை. சாக்கு மூட்டையும் ஆலையும் கிடங்கும் இயற்கையானவை அல்லவே!

நிலக்கடியில் போன கொத்தவரை

இராஜஸ்தானத்து உழவருக்கு இந்த விதை ஒரு முறை பெரும் அதிர்ஷ்டத்தைக் காட்டிவிட்டு மறைந்தது. அமெரிக்காவில் பாறைகளின் உள்ளே அடைபட்ட எரிவாயுவையும் எண்ணெயையும் எடுக்க, மிகுந்த அழுத்தத்தில் நீரைச் செலுத்திப் பாறையைப் பிளக்கிறார்கள். பிளவு மீண்டும் மூடிக்கொள்ளாமலிருக்க நீரோடு மணலையும் அனுப்ப வேண்டும். வெறும் நீரில் மணல் வழியிலேயே அடியில் தங்கிவிடும். கெட்டியான கொத்தவரைக் கரைசலோ மணலைத் தூக்கிக்கொண்டு போகும். அதே சமயம் குழாயில் வேகமாகத் தள்ளும்போது இளகியும் கொடுக்கும். எங்கள் எஃகுக் குண்டு செய்து காட்டிய அதே குணம்! 2010-இல் குவிண்டால் சில ஆயிரம் ரூபாய்க்கு விற்ற விதை 2012 மார்ச்சில் முப்பதாயிரம் ரூபாய் அளவை எட்டியது. அதில் சூதாட்டமும் கலந்துவிட்டது என்று எண்ணிய அரசு முன்பேர வாணிபத்தை நிறுத்தி வைத்தது. 2013-இல்தான் மீண்டும் திறந்தது. 2012-13ஆம் ஆண்டில் கொத்தவரைப் பிசின் ஏற்றுமதி மதிப்பு 21,000 கோடி ரூபாயைத் தாண்டியது. விலையைக் கேட்டு, அதுவரை பயிரிடாதவர்களும் பயிரிட்டார்கள். எண்ணெய்க் கம்பெனிகளோ விலைக்கு அஞ்சி வேறு பொருள்களைத் தேடின. 2014-இன் பிற்பகுதியில் கச்சா எண்ணெய் விலையும் சரிந்தது. அடுத்த ஆண்டு கொத்தவரை விதை மூவாயிரம், நாலாயிரம் என்று பழைய இடத்துக்கே வந்துவிட்டது. மூன்று மழையை நம்பி விதைக்கிறவர், கடல் கடந்த எண்ணெய்க் கிணற்றின் விலையையும் பார்த்து விதைக்க வேண்டியதாயிற்று.

நீங்களே அளந்து பாருங்கள்

கொத்தவரைப் பிசின் எளிதில் கிடைக்காது, வெந்தயம் போதும். ஒரு தேக்கரண்டி வெந்தயப் பொடியை ஒரு தம்ளர் நீரில் கட்டியில்லாமல் தூவிக் கலந்து, இரவு முழுவதும் ஊறவைத்து, காலையில் துணியில் வடிகட்டுங்கள். ஊசி நீக்கிய புதிய பிளாஸ்டிக் ஊசிக்குழலை நிமிர்த்திப் பிடித்து, உள்தண்டை எடுத்துவிட்டு, முதலில் பச்சைத் தண்ணீரை ஊற்றுங்கள். பத்து மில்லிலிட்டர் தானாக வடிய எத்தனை விநாடி ஆகிறது என்று குறியுங்கள். பிறகு அதே குழலில் வெந்தய நீர். இரண்டு நேரங்களின் விகிதம் பாகுநிலையைத் தோராயமாகக் காட்டும். வெந்தய நீரில் பாதிக்குப் பாதி தண்ணீர் சேர்த்து மறுபடி அளந்தால், நேரம் எவ்வளவு குறைகிறது? மிஞ்சியதை இரண்டு நாள் வெளியில் வைத்திருந்து இன்னொரு முறை அளவுங்கள். அறையின் வெப்பநிலையையும் ஒவ்வொரு முறையும் எழுதி வையுங்கள். மூக்கைப் பிடித்துக்கொள்ள ஒரு கை வேண்டியிருக்கும், ஆகவே கடிகாரம் பார்க்க நண்பர் ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள்.